சுழல்காற்று சேதத்தைப் பார்த்தவர்கள், எழுதியவர்கள்: உங்கள் அனுபவம்?

சரவணம்பட்டி:
அமெரிக்க வீட்டுக் காப்பீட்டு கிளைம்களைப் படித்து ஆங்கிலத்தில் சேத விவரம் எழுதுவது என் வேலை, இரவு ஷிப்ட். 2025 மே 16 செயின்ட் லூயிஸ் டொர்னாடோவுக்கு அப்புறம் ஃபைல் குவிந்துவிட்டது. ஈஎஃப்3 (சேதத்தைப் பார்த்து டொர்னாடோவுக்கு 0 முதல் 5 வரை போடுகிற வலிமை எண்), நகரத்தில் சைரன் ஊதவில்லை, வடக்குப் பகுதியில் பழைய செங்கல் வீடுகளின் சுவரெல்லாம் சரிந்து கிடந்தது, காப்பீடே இல்லாத வீடுகள் வேறு நிறைய. ஒரு அம்மா தன் கூரை போனதை ஒரே வரியில் முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜ் என் வாசலில் கிடக்கிறது, அவருக்குக் காப்பீடு இல்லை, அதையும் என் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. பிறர் பொருள், பாலிசியில் வராது என்று எழுதி அனுப்பினேன். இன்னும் மனசுக்குள் உறுத்துகிறது.

கோபி வாழைத்தோட்டம்:
தம்பி, போட்டோவில் பார்த்ததற்கே இப்படி என்றால் இங்கே வந்து பாருங்கள். போன கோடை மழைக்கு முன்னால் அடித்ததும் டொர்னாடோதான், யாரும் அப்படி எழுதுவதில்லை, அவ்வளவுதான். நேந்திரன், தார் முக்கால் விளைச்சல். சாளைக்குள் உட்கார்ந்திருக்கிறோம், இருட்டில் தண்டு முறிகிற சத்தம் மட்டும் டப் டப் என்று வரிசையாக நகர்ந்து வருகிறது, எங்கள் ஆத்தா ஒவ்வொன்றுக்கும் ஐயோ என்கிறது. அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை.

பல்லடம் தறிக்காரன்:
எங்கள் தறிக்குடோனில் சிமெண்ட் அட்டை பறந்து பாவு நனைந்தது, அது இருக்கட்டும். கோபி அண்ணா, அது டொர்னாடோ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது இடிமேகத்திலிருந்து கீழே இறங்கி நேராக வீசிய காற்று. சுழன்றிருந்தால் ஒன்றை நோக்கி ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருக்கும். அமெரிக்காவிலும் சேதத்தை நேரில் பார்த்துத்தான் ஈஎஃப் எண் போடுகிறார்கள். 2025 ஜூன் 20 வடக்கு டகோட்டாவின் எண்டர்லினில் அடித்ததற்கு, சரக்கு ரயிலின் டேங்கர் பெட்டி தூக்கி எறியப்பட்டதை ஆராய்ந்து, மாதங்கள் கழித்துத்தான் ஈஎஃப்5 கொடுத்தார்கள், 2013-ல் ஓக்லஹோமாவின் மூர் நகரத்தில் அடித்ததற்கு அப்புறம் அதுதான் முதல் ஈஎஃப்5. அதனால் அடுத்த முறை விழுந்ததை அப்புறப்படுத்துவதற்கு முன்பு நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள், எந்தத் திசையில் சாய்ந்தது என்று குறித்து வையுங்கள், விஏஓவிடம் அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு) வாங்கி வையுங்கள், 33 சதவீதமாவது சேதம் இருந்தால்தான் நிவாரணம், கணக்கெடுக்க வருகிறவரோடு கூடவே தோட்டத்தில் நடங்கள், 'பலத்த சேதம்' என்று மனுவில் எழுதாதீர்கள், எத்தனை மரம், தார் விட்டதா இல்லையா, அதை எழுதுங்கள்.

கோபி வாழைத்தோட்டம்:
எல்லாம் கிழக்கே பார்த்துத்தானுங்க கிடந்தது. சரி, டொர்னாடோ இல்லை. ஆனால் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பு அப்படியே நிற்கிறது, அதற்கு மேலேதான் முறிந்திருக்கிறது. முட்டே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் பார்க்க வந்தவர். மேலதிகாரிக்கு இங்கிலீஷில் எழுதிப் போடலாம் என்கிறான் பையன்.

சரவணம்பட்டி:
படத்தை அனுப்புங்கள் அண்ணா, நான் எழுதித் தருகிறேன். கம்பு நிற்பதும் முறிந்த இடமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், கூட ஆள் ஒருத்தரை நிறுத்தி எடுங்கள், உயரம் புரியும்.