பிளானிக் எல்-13 கிளைடர்களை ஒட்டுமொத்தமாகத் தரையில் நிறுத்தியது சரியா?

மேற்குக்காற்று:
2010 ஜூன் 12 அன்று ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக் எல்-13 கிளைடரின் (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்) வலது இறக்கை, நடுவானில், உடற்பகுதியோடு சேரும் இடத்துக்கு அருகே முறிந்து கழன்றது, இருவர் இறந்தனர். முறிந்தது இறக்கையைத் தாங்கும் முதன்மைத் தண்டான ஸ்பார். உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகம் பலவீனமாவது, காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணை கூறியது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முதலில் சாகசப் பறத்தலைத் தடுத்துச் சோதனைக்கு உத்தரவிட்டது. சில மாதங்களில் எல்-13 பறப்பதையே தடை செய்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1950-களில் உருவாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்ட பயிற்சிக் கிளைடர் அது. அத்தனையையும் கொட்டகையில் பூட்டியது மிகை என்பேன். இறக்கை முறிந்து இறந்தவர்களைவிட, தரையிறங்கும் முன் தாழ்வாகத் திரும்புகையில் வேகமிழந்து சுழன்று விழுந்து இறந்தவர்களே அதிகம்.

ரிவெட்:
தாழ்வான திருப்பத்தைத் தவிர்க்க விமானிக்குக் கற்றுக்கொடுக்க முடியும். ஸ்பாரில் ஓடும் விரிசலை எந்தத் திறமையும் தவிர்க்காது. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயல்வதால் ஸ்பாரின் கீழ்ப்பட்டை எப்போதும் இழுபடுகிறது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் அந்தச் சுமை இரட்டிப்பாகிறது. எஃகைப் போல், ‘இதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோராது’ என்ற எல்லைக்கோடு அலுமினியக் கலவைக்குக் கிடையாது. தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் துளை விளிம்பில் மயிரிழையாகத் தொடங்கும் விரிசல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். கைவிளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு மேலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படுவது பெயின்ட் மட்டுமே.

மேற்குக்காற்று:
அதற்காகத்தானே தயாரிப்பாளர் பறக்கும் மணிக்கணக்கில் ஆயுள் வரம்பு விதிக்கிறார்? வரம்புக்குள் இருப்பதைப் பறக்க விடலாமே.

பழைய பட்டறை:
இடையில் ஒரு சொல். ‘இறக்கை முறிவு’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு குற்றங்களை அடக்குகிறோம். 1943 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பெருங்கூட்டத்தின் கண்முன்னே ஒரு வாக்கோ சிஜி-4ஏ ராணுவக் கிளைடரின் இறக்கை கழன்று, நகர மேயர் வில்லியம் டீ பெக்கர் உட்பட பத்துப் பேர் இறந்தனர். இறக்கைத் தாங்குகம்பியைப் பிடிக்கும் உலோகப் பொருத்து, துணை ஒப்பந்தக்காரரிடம் வேண்டிய தடிமனைவிட மெல்லியதாகக் கடையப்பட்டிருந்தது. அதில் சோர்வுக்கே இடமில்லை. ஓர் அளவுகருவி போதும், கண்டுபிடித்திருக்கலாம். 1999 ஜூலையில் நெவாடாவின் மிண்டன் அருகே ஒரு நிம்பஸ்-4டிஎம் கிளைடர் சிதறியதோ நேர்மாறு: சுழலிலிருந்து மீளும்போது வேகவரம்பு தாண்டிய நிலையில் கைப்பிடியை அளவுமீறி இழுத்ததால், குறையற்ற இறக்கைகள் வடிவமைப்பின் இறுதிச் சுமையையும் கடந்து முறிந்தன. அங்கே எந்தச் சோதனையும் உதவியிருக்காது.

ரிவெட்:
நல்ல வேறுபாடு. பிளானிக் இந்த இரண்டிலும் சேராது என்பதுதான் என் வாதம். ஆயுள் வரம்பைப் பொறுத்தவரை, எந்த மணி என்று கேட்க வேண்டும். அமைதியான காற்றில் ஒரே ஏற்றத்தில் கழிந்த ஒரு மணி நேரமும், தரையில் நிற்கும் விஞ்ச் பொறியின் கம்பி இழுத்துப் பத்து முறை ஏறி இறங்கிய ஒரு மணி நேரமும் ஸ்பாருக்கு ஒன்றல்ல. வானில் வளையமடித்துச் சாகசம் செய்த மணி வேறு ரகம். இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் வரம்பு நிற்கிறது.

மேற்குக்காற்று:
விகிதம் தெரியாத கிளைடரை நிறுத்தியதை ஏற்கிறேன். முழுப் பதிவேடு வைத்திருந்த சங்கங்களையும் அதே கயிற்றில் கட்டியதைத்தான் ஏற்க மறுக்கிறேன். பின்னர் அங்கீகரிக்கப்பட்ட மாற்றத்தைச் செய்தால் மீண்டும் பறக்கலாம் என்றார்கள். பழைய கிளைடரின் விலையோடு அந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்க்கும் சிறிய சங்கம் என்ன செய்யும்?

ரிவெட்:
செலவு உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிவேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் புரட்டிய ஒரு பயிற்சிக் கிளைடரின் பதிவேட்டில் ஒரு நாளுக்கான வரி இவ்வளவுதான்: ‘புறப்பாடு 11, மொத்தம் 1 மணி 20 நிமிடம்.’ எந்த வகைப் புறப்பாடு, வளையம் அடித்தார்களா, ஒருவரா இருவரா என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சங்கமும் தன்னிடம் முழுப் பதிவேடு இருப்பதாகத்தான் சொன்னது.