ஃபிரிட்ஜ் கதவை மூடிய கையோடு திறக்கப் போனால் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கேள்வி (தாழ்ப்பாள்):
ஃப்ரீசரைச் சாத்திவிட்டு உடனே திரும்ப இழுத்தால் கதவு அசைவதில்லை. இரண்டு நிமிடம் கழித்து இழுத்தால் சாதாரணமாக வருகிறது. ஓரத்து ரப்பருக்குள் காந்தம் இருக்கிறது, சரி. ஆனால் காந்தம் எப்போதும் ஒரே மாதிரிதானே பிடிக்க வேண்டும்? அந்த ரப்பர் கேஸ்கெட்டை மாற்ற வேண்டுமா? இன்னொன்று, கீழ்க்கதவை ஓங்கிச் சாத்தினால் மேல்கதவு லேசாகத் திறந்துகொள்கிறது. அது ஏன்?

வெப்பமானி:
காந்தத்தின் மேல் பழி இல்லை. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த குளிர்காற்று கனமானது என்பதால் கீழ்வழியாகக் கொட்டிவிடும்; அந்த இடத்தில் அறைக்காற்று புகும். சாத்தியதும் அது சட்டென்று குளிர்கிறது. அடைபட்ட காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 30 டிகிரிக் காற்று 5 டிகிரிக்கு வந்தால் சுமார் 8 விழுக்காடு, ஃப்ரீசரில் மைனஸ் 18க்குப் போனால் சுமார் 16 விழுக்காடு. ஃப்ரீசர் கதவு கூடுதலாக முரண்டு பிடிப்பது இதனால்தான். ஈரப்பதமான காற்றாக இருந்தால் நீராவியும் படிந்துபோகும், அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

பலர் இதை 'வெற்றிடம்' என்கிறார்கள். அவ்வளவு தூரம் போவதில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. 60 செ.மீ. அகலம், 1 மீட்டர் உயரமுள்ள கதவின் பரப்பு 0.6 சதுர மீட்டர். உள்ளழுத்தம் வெறும் 1 விழுக்காடு, அதாவது சுமார் 1 கிலோபாஸ்கல் குறைந்தாலே வெளிக்காற்று அந்தக் கதவை ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். கைப்பிடி கீலுக்கு எதிர் ஓரத்தில் இருப்பதால் நெம்புகோல் கணக்கில் பாதி, 30 கிலோ போட்டு இழுத்தால் போதும். பிறகு ரப்பர் இடுக்கு வழியாகவும் வடிகால் குழாய் வழியாகவும் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்து சமமாகிவிடும். உங்கள் இரண்டு நிமிடம் அதுதான்.

திருகாணி:
மேலே சொன்னது சரி. ஆகவே இந்த இறுக்கம் கேஸ்கெட் நன்றாக இருப்பதற்கான அடையாளம், மாற்ற வேண்டாம். அவசரமென்றால் கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் கைப்பிடி திருகுப் பக்கம் விரிசல் விடும். கீலுக்கு எதிர்ப்பக்கம் ரப்பரின் ஓர் இடத்தை விரலால் லேசாக விலக்குங்கள். 'உஸ்' என்று காற்று போகும், கதவு தானாக வந்துவிடும்.

மேல்கதவு திறப்பது இதற்கு நேர் எதிர். பனி படியாத வகை ஃபிரிட்ஜ்களில் இரண்டு அறைகளையும் காற்றுப்பாதை இணைக்கும். கீழ்க்கதவு வேகமாக வரும்போது காற்றைப் பம்பு மாதிரி உள்ளே தள்ளுகிறது. அது மேலே போய்க் கதவைத் தட்டிவிடுகிறது. மெதுவாகச் சாத்தினால் நின்றுவிடும். முன்பக்கக் கால்களைத் திருகிக் கொஞ்சம் உயர்த்தினால் கதவுகள் பின்சாய்ந்து தானே மூடிக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது எப்போது தெரியுமா? ஒருபோதும் இறுக்கமே தெரியாமல், ஃப்ரீசர் ஓரத்தில் பனி கட்டினால். அப்போது ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடுத்துத் தடுத்து வர வேண்டும். நான்கு பக்கமும் பாருங்கள், மூலைகளை விட்டுவிடாதீர்கள்.

தாழ்ப்பாள்:
நன்றி. காகிதம் கீல் பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால்? அடிக்கடி திறப்பதால் மின்சாரம் வீணாகுமா?

திருகாணி:
கீல் பக்கம் ரப்பர் உள்ளே மடிந்திருக்கும். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, மடிப்புக்குள் ஒட்டிய பிசுக்கை எடுங்கள். பாதிப்பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டி ரப்பரை இளக்கி, கையால் நிமிர்த்தி, கதவை மூடி ஆறவிடுங்கள். கிழிந்திருந்தால் மட்டும் புதிது. அதை மாடல் எண் பார்த்து வாங்குங்கள்.

வெப்பமானி:
மின்சாரம்: 100 லிட்டர் காற்றை 30லிருந்து 5 டிகிரிக்குக் குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 3 கிலோஜூல்தான். 1000 வாட் கெட்டில் 3 விநாடியில் தரும் வெப்பம் அது. ஈரக்காற்றானால் நீராவி படிவதால் இதே அளவு இன்னொரு பங்கு சேரும். நாலைந்து முறை திறப்பதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மடிந்த ரப்பர் வழியாக நாள் முழுக்க ஈரக்காற்று போய்க்கொண்டே இருப்பதும், சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைப்பதும்தான் கம்ப்ரஸரை ஓயாமல் ஓட வைக்கும்.