மாநிலத் திங்க் டேங்க்: சிந்தனைக் குழாமா, கொள்கையகமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

அமெரிக்க மாநில அரசியல் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மிச்சிகனில் மிட்லண்ட் என்ற ஊரில் 1987இல் தொடங்கிய மாக்கினா சென்டரைப் பற்றியது. (ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரு 'சி' உண்டு, அந்த ஊர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை, அதனால் 'மாக்கினாக்' என்று திருத்த வேண்டாம்.) அந்த அமைப்பை அறிமுகப்படுத்தும் ஒரே வரியில் மூன்று சொல் மாட்டுகிறது: மாநில அளவிலான திங்க் டேங்க் (அரசின் கொள்கைகளை ஆராய்ந்து யோசனை சொல்லும் அமைப்பு), லிமிடெட் கவர்ன்மென்ட், ஃப்ரீ மார்க்கெட். நாளிதழ்களில் வருகிற 'சிந்தனைக் குழு' எனக்குப் பிடிக்கவில்லை, நாலு பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பது போல ஒரு தோற்றம். 'சிந்தனைத் தொட்டி'யை நானே தள்ளிவிட்டேன். யோசனை சொல்லுங்கள்.

---

வணக்கம். இலங்கையில் நாங்கள் 'சிந்தனைக் குழாம்' என்றுதான் எழுதுகிறோம். பழகிய சொல் கையில் இருக்கும்போது புதிது எதற்கு?

லிமிடெட் கவர்ன்மென்டுக்கு மட்டும் தயவுசெய்து 'வரையறுக்கப்பட்ட' என்று போட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் கம்பனிப் பெயர்ப்பலகையின் கடைசிச் சொல் அது. மிச்சிகன் அரசாங்கம் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டதோ என்று ஆட்கள் நினைப்பார்கள்.

---

> பழகிய சொல் கையில் இருக்கும்போது புதிது எதற்கு?

ஐயா சொல்வது பொதுவாகச் சரி. ராண்ட் மாதிரி 1948இலிருந்து அரசுக்கு ஆய்வு செய்து தருகிற நிறுவனத்துக்குச் 'சிந்தனைக் குழாம்' நன்றாகவே பொருந்தும். ஆனால் மாக்கினா வகையறா வேறு. அவர்கள் முடிவை முதலில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள், அதை மறைப்பதும் இல்லை: அரசின் கை குறைய வேண்டும், சந்தையின் கை ஓங்க வேண்டும். அதற்காக அறிக்கை எழுதுகிறார்கள், சட்டமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் சொல்கிறார்கள், வழக்கும் போடுகிறார்கள். பள்ளி மாவட்டங்களை (அங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள்) கேட்டு, மாணவர் பேருந்து, உணவுக்கூடம், துப்புரவு இந்த மூன்றில் எதையெல்லாம் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு உண்மையிலேயே உழைப்புள்ள வேலை, அவர்கள் கட்சியில் நான் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். ஆனால் எதைக் கணக்கெடுப்பது என்ற தேர்வே ஒரு நிலைப்பாடு அல்லவா?

தங்கள் வேலை என்ன என்பதை அவர்களே ஓர் அட்டையில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜோசப் ஓவர்டன் அங்கே மூத்த துணைத் தலைவராக இருந்தவர், படித்தது மின்பொறியியல், அதற்கு முன் டௌ கெமிக்கலில் வேலை, அந்தக் கம்பெனிக்கும் மிட்லண்ட்தான் தலைமையகம். 1990களில் அவர் ஒரு துண்டறிக்கை தயாரித்தார். ஒரு விஷயத்தில் சாத்தியமான கொள்கைகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக வரிசையாக அடுக்கியிருக்கும், ஒரு முனை அரசுத் தலையீடே இல்லாதது, மறுமுனை முழுக்க அரசின் கையில். அதன்மேல் ஜன்னல் போல நகர்த்தக்கூடிய ஓர் அட்டைச் சட்டகம். சட்டகத்துக்குள் தெரிகிறவற்றை மட்டுமே அரசியல்வாதி வெளிப்படையாக ஆதரிக்க முடியும், வெளியே இருப்பதைத் தொட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இடம் வலம் என்ற பழைய சண்டை வேண்டாம் என்றுதான் அதை நெட்டுக்குத்தாக வைத்தார்கள். அரசியல்வாதியைப் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டு மக்கள் கருத்தை மாற்றி அந்தச் சட்டகத்தை நகர்த்துவதே தங்களைப் போன்ற அமைப்பின் வேலை என்பது அவர் வாதம். 2003இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார், அதன் பிறகுதான் உடன் வேலை பார்த்தவர்கள் அதற்கு 'ஓவர்டன் சாளரம்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்த அமைப்பின் பெயரே கேள்விப்படாதவர்கள்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, சாளரத்தை நகர்த்துகிறவர்களுக்குச் 'சிந்தனை' என்ற பெயர் பாதிதான் பொருந்தும். என் பரிந்துரை: கொள்கையகம். மாநிலக் கொள்கையகம். 'அவர் கொள்கைப் பிடிப்புள்ளவர்' என்றாலும் கொள்கைதான், 'ஜவுளிக் கொள்கை வெளியீடு' என்றாலும் கொள்கைதான். மற்ற இடங்களில் நம்மைத் தொல்லைப்படுத்துகிற இந்த இரட்டைப் பொருள் இங்கே மட்டும் அப்படியே வேலைக்கு ஆகிறது. இவர்களிடம் இரண்டும் இருக்கிறது.

லிமிடெட் கவர்ன்மென்டுக்குச் 'சிற்றரசு' வேண்டாம், பாரி, அதியமான் எல்லாரும் வந்துவிடுவார்கள். 'சிறிய அரசாங்க'மும் சரியில்லை. ஆள் குறைவு, செலவு குறைவு என்பது அதன் ஒரு பகுதிதான், அடிப்படை என்னவென்றால் இன்னதற்கு மேல் கை வைக்கக் கூடாது என்று அரசுக்குக் கோடு போடுவது. 'வரம்புறு அரசு' என்று வைக்கலாம். ஃப்ரீ மார்க்கெட் 'கட்டற்ற சந்தை', கட்டற்ற மென்பொருளோடு குழம்பினாலும் பரவாயில்லை.

---

கொள்கையகம் தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் கொள்ளையகம் ஆகிவிடும், வழக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வலப்பக்கத்தாருக்குக் கொள்கையகம், இடப்பக்கத்தாருக்குச் சிந்தனைக் குழாம் என்று பிரித்து எழுதினால் அது கலைச்சொல் இல்லை, வசவு. தொழிற்சங்கங்களின் பணத்தில் நடக்கிற ஆய்வு அமைப்புகளும் முடிவை வைத்துக்கொண்டுதானே தொடங்குகின்றன?

அப்புறம், அந்தக் கட்டுரையில் 'ரைட் டு ஒர்க்' கட்டாயம் வந்திருக்குமே, அதற்கு என்ன எழுதினீர்கள்?

---

> அது கலைச்சொல் இல்லை, வசவு

ஒத்துக்கொள்கிறேன், இரு பக்கத்துக்கும் ஒரே சொல். நிலைப்பாட்டோடு சட்டமன்றத்தை நோக்கி வேலை செய்கிற எந்த அமைப்பும் கொள்கையகம்தான், பணம் தொழிலாளியுடையதா முதலாளியுடையதா என்பது பெயருக்குள் வர வேண்டாம்.

ரைட் டு ஒர்க் என்று ஞாபகப்படுத்தினீர்களே, நல்ல வேளை. 'வேலை உரிமைச் சட்டம்' என்று ஒரு பத்திரிகையில் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஆளுக்கு அதைப் படித்ததும் என்ன தோன்றும்? வேலை பெறும் உரிமை பற்றிப் பேசுகிற இந்திய அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, நூறு நாள் வேலை, அரசே வேலை தருகிற ஏதோ ஒன்று. மிச்சிகன் சட்டத்தில் யாருக்கும் வேலை தருவதாக ஒரு வரிகூட இல்லை. அங்கே ஒரு தொழிற்சாலையில் தொழிற்சங்கம் பெரும்பான்மை பெற்றுவிட்டால், உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான் அது பேச்சுவார்த்தை நடத்த வேண்டும், கூட்டாட்சிச் சட்டம் அப்படி. அந்தச் செலவுக்கு எல்லாரும் பணம் கட்ட வேண்டும் என்று நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று மாநிலம் தடுத்தால், அதுதான் ரைட் டு ஒர்க். 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மாநிலங்களுக்கு இந்த வாசலைத் திறந்துவிட்டது.

மாக்கினா சென்டர் பல ஆண்டுகள் இதற்காக எழுதியும் பேசியும் வந்தது. கார்த் தொழிலாளர் சங்கத்தின் கோட்டையான மிச்சிகனில் அது நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2012 டிசம்பரில் லான்சிங் தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டம் நிறைவேறியது, ஆளுநர் ரிக் ஸ்னைடர் அன்றைக்கே கையெழுத்திட்டார். 2023இல் ஜனநாயகக் கட்சியினர் சட்டமன்றத்தைப் பிடித்ததும் அதை நீக்கினார்கள், நீக்கம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1965இல் இந்தியானா நீக்கியதற்குப் பிறகு இப்படி ஒரு மாநிலம் பின்வாங்கியது அதுதான் முதல் முறை. ஓவர்டன் இருந்திருந்தால் அந்த அட்டையை இரண்டு தடவை நகர்த்திக் காட்டியிருப்பார். ஆனால் அரசு ஊழியர் விஷயத்தில் மிச்சிகனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியவில்லை, 2018இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அவர்களிடம் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

எனவே சட்டத்தின் பெயரை மொழிபெயர்க்காமல், அது செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. 'வேலை உரிமை' கொண்டுவந்தவர்கள் எழுதிய பலகை. 'சங்க முறிப்புச் சட்டம்' எதிர்ப்பவர்கள் எழுதிய பலகை. முதலில் 'கட்டாயச் சந்தாத் தடை' என்று எழுதலாம் என்று தோன்றியது, ஆனால் உறுப்பினராகச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அது சந்தாவும் இல்லை, ஓசியில் பயன் பெறாமல் இருக்கப் பங்குக் காசு என்பது சங்கத்தாரின் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. 'சங்கக் கட்டண விலக்குச் சட்டம்' என்றால் இருவரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அல்லது இருவருமே வருவார்கள், அதுவும் நல்லதுதான்.

---

சங்கக் கட்டண விலக்குச் சட்டம் நீளம். தலைப்பில் போட்டால் நாளிதழில் மூன்று பத்தி அகலத்தை அடைத்துக்கொள்ளும், செய்தி ஆசிரியர் முதல் வேலையாக அதை வெட்டி 'வேலை உரிமை' என்றே போட்டுவிடுவார். முதல் முறை முழுசாக எழுதிவிட்டுப் பிறகு 'கட்டண விலக்கு' என்று சுருக்கினால் போதாதா? கொள்கையகம் எனக்கு இன்னும் இனிக்கவில்லை, ஆனால் வாக்கெடுப்பு வைத்தால் எதிர்க்க மாட்டேன்.

---

அனைவருக்கும் நன்றி. மாநிலக் கொள்கையகம், வரம்புறு அரசு, கட்டற்ற சந்தை, ஓவர்டன் சாளரம் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். கொள்கையகம் வரும் முதல் இடத்தில் 'சிந்தனைக் குழாம் எனவும் வழங்கும்' என்று சேர்த்துவிடுகிறேன், யாழ்ப்பாணத்தில் படிப்பவர் தடுமாற வேண்டாம். கட்டண விலக்கு, சொன்னபடி, முதலில் முழுப்பெயர், பிறகு சுருக்கம்.

கட்டுரையின் பின்பாதி அரிசோனாவின் கோல்ட்வாட்டர் இன்ஸ்டிடியூட் பற்றியது. மரணத் தறுவாயில் உள்ள நோயாளி, இன்னும் அனுமதி பெறாத மருந்தை முயன்று பார்க்க வழிவிடும் சட்டத்தை எழுதி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனவர்கள் இவர்கள், 2014இல் கொலராடோவில் தொடங்கி 2018இல் நாடு முழுக்கவும் ஆகிவிட்டது. அந்த 'ரைட் டு ட்ரை'யை 'முயற்சி உரிமை' என்று வைத்திருந்தேன், இந்த இழையைப் படித்த பிறகு அதுவும் பலகைதான் என்று தெரிகிறது. 'ஒப்புதல் பெறா மருந்துச் சட்டம்' என்று மாற்றப் போகிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் கட்டுரை போய்விடும்.