வெள்ளவத்தை வீடு (குடும்பக் குழு)

வெள்ளி, காலை

பிரபு: கார் நின்றுவிட்டது. ஹைவேயில், ஜா-எல தாண்டி. சித்தியும் நாலு பெட்டியும் என்னோடு.

கௌரி அக்கா: ஐயோ

கௌரி அக்கா: ஒன்பதுக்கு ஐயர் வந்துவிடுவார்

சிவா மாமா: பதற வேண்டாம். எந்த லைற் முதலில் எரிந்தது? வரிசை முக்கியம்.

பிரபு: பற்றரி லைற், சிவப்பு. உடனே ஸ்ரியரிங் கல்லாக இறுகியது. கொஞ்சத்தில் சூட்டு முள் மேலே ஏறியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

ரவி அத்தான்: பற்றரி புதிது. கார் கைமாற முதல் நான்தான் மாற்றினேன். பில் இருக்கிறது.

தர்ஷி: யாரும் கேட்கவில்லை அத்தான்

சிவா மாமா: பற்றரியில் பிழை இல்லை. படம்தான் பற்றரி, அது சொல்வது சார்ஜ் ஏறவில்லை என்று. சார்ஜ் ஏற்றுவது ஓல்ரனேற்றர், அதைச் சுற்றுவது பெல்ற். உன் காரில் அதே பெல்ற்தான் ஸ்ரியரிங் பம்பையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. மூன்றும் ஒன்றாகப் படுத்தால் பெல்ற் அறுந்துவிட்டது. பொனற்றைத் திறந்து பார். றேடியேற்றர் மூடியில் கை வைக்காதே.

பெரியம்மா: தம்பி, பச்சைத் தண்ணி கொஞ்சம் ஊற்றிப் பார். பெரியப்பா கடுகண்ணாவை ஏற்றத்தில் அப்படித்தான் செய்வார்.

சிவா மாமா: அக்கா வேண்டாம்!! நூறு பாகைக்கு மேல் சூடான தண்ணீர் உள்ளே அழுத்தத்தில் அடங்கி நிற்கிறது. மூடியைத் திருகினால் முகத்தில் அடிக்கும்.

பிரபு: (படம்)

பிரபு: கறுப்பு நாடா மாதிரிக் கிழிந்து தொங்குகிறது

சிவா மாமா: சொன்னேனே

தர்ஷி: இரண்டு கிழமையாக ஸ்ரார்ட் பண்ணும்போது கீச் கீச் என்றதே! மேல் மாடி அன்ரி எலி என்று பொறி கூட வைத்தா.

ரவி அத்தான்: நான் தரும்போது சத்தம் இல்லை

பிரபு: நீங்கள் ரேடியோவைக் கூட்டி வைத்தல்லவா தந்தீர்கள்

கௌரி அக்கா: பிரபு

பெரியம்மா: இன்றைக்குப் பெரியப்பாவின் ஆட்டைத்திவசம். அவருடைய காருக்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

பிரபு: மாமா, ஆறவிட்டு மெதுவாக ஓட்டி வரலாமா?

சிவா மாமா: கூடாது. தண்ணீர்ப் பம்ப் சுற்றாமல் ஓடினால் முள் திரும்ப ஏறும். எஞ்சினின் மேல்பாகம், ஹெட், வளைந்தால் பெல்ற் காசோடு போகாது. சிவப்பு லைற் என்றால் நில். மஞ்சள் எஞ்சின் லைற் என்றால் மெதுவாகக் கராஜ் வரை போகலாம். அது மின்னி மின்னி எரிந்தால் அதுவும் கூடாது, எரியாத பெற்றோல்

தர்ஷி: மாமா பிறகு

சிவா மாமா: புகைக் குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம்.

கௌரி அக்கா: சித்தி காருக்குள்ளேயா?

பிரபு: இல்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம். பெட்டிக்கு மேல் இருந்து பிளேனில் தந்த கேக் சாப்பிடுகிறா.

பெரியம்மா: திவசத்தன்று கேக்கா? முட்டை இருக்குமே!

தர்ஷி: கனடாவில் இன்னும் வியாழன் இரவுதான் பெரியம்மா

ரவி அத்தான்: நான் வானைக் கொண்டு போகிறேன். இழுவை வண்டிக்கு யார் காசு?

பிரபு: பிறகு பார்ப்போம்

கௌரி அக்கா: ஐயருக்குப் பத்தரை என்று சொல்லட்டுமா?

பெரியம்மா: வெள்ளி பத்தரைக்கு ராகுகாலம்

கௌரி அக்கா: அப்போ பத்து?

ரவி அத்தான்: வெளிக்கிட்டேன்

சிவா மாமா: ரவி, வானில் ஒயில் பார்த்தாயா?

சிவா மாமா: (குரல் பதிவு, 4 நிமிடம்)