புதுப்பிப்பு: அண்ணாச்சிக்கு எடுத்த விழா

பொங்கல் சமயத்தில் கேட்டிருந்தேன்: எங்க ஊராட்சித் தலைவர் அண்ணாச்சி இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை, அவருக்கு என்ன மரியாதை செய்யலாம் என்று. விழா முடிந்தது.

ஆளுயர மாலை, ஃப்ளெக்ஸ் எல்லாம் வேண்டாமென்று அண்ணாச்சியே வெட்டிவிட்டார். "அந்தத் துட்டுக்கு மடையச் சரி பண்ணுங்கடே." பத்தமடைப் பாய் என்று இங்கே யோசனை சொன்னவருக்கு நன்றி, அதுதான் எடுபட்டது. பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள். நைஸ் ரகம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோரையை அவ்வளவு மெல்லிசாகக் கிழித்து நெய்ய நாளாகும், விலையும் கூட.

மேடையில் கட்சிக்காரர்கள் நீட்டி முழக்கினார்கள். (ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.) தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர் மைக்கைப் பிடித்த பிறகுதான் கூட்டம் நிமிர்ந்தது. 1996-ல் வார்டு உறுப்பினராக வந்ததிலிருந்து அண்ணாச்சி கடைமடைத் தண்ணீர்த் தகராறு எதையும் போலீஸ் வரை போகவிட்டதில்லையாம். 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு எங்க திருநெல்வேலி மாவட்டத்தில் 2021 அக்டோபர் வரை உள்ளாட்சித் தேர்தலே இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். பதவி இல்லாத அந்த வருஷங்களிலும் மனு எழுத ஆட்கள் ஏறியது அவர் வீட்டுத் திண்ணையில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் சோறு பொங்கிப் போட்டதை அந்த விவசாயி சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசைப் பெண்கள் எழுந்து மீதியைச் சொன்னார்கள்.

ஏற்புரை ரெண்டு நிமிஷம்கூட இல்லை. "கிராமசபைக்கு இதுல பாதிக் கூட்டம் வந்ததில்லையேடே" என்று உட்கார்ந்துவிட்டார்.

மீதிப் பணம் மடைக்குப் போகிறது. வரவு செலவு கணக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.