மரவேலை ரூட்டர் டேபிள் (ரூட்டர் மோட்டாரை அடியில் மாட்டி, அதன் சுழலும் வெட்டுமுனையான பிட்டை ஓட்டை வழியாக மேலே நீட்டி வைக்கும் மேசை) மட்டமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரத்தூள்:
அலமாரிக் கதவுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அதே பிட் செட், அதே உயரம், ஆனால் நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு படி, நகத்தால் தடவினால் தட்டுகிறது. சின்னத் துண்டில் சோதித்தால் சரியாக வரும், நீளச் சட்டத்தை ஓட்டினால் மறுபடி அதே படி. அப்புறம்தான் அலுமினிய நேர்க்கோலை டேபிளின் குறுக்கே வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். பிட் ஓட்டையைச் சுற்றி வெளிச்சம் நீளமாகக் கசிந்தது, 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையே இல்லாமல் உள்ளே போனது. நீளச் சட்டம் அந்தக் குழிக்கு மேலே பாலம் போல நின்றிருக்கிறது, குறுக்குச் சட்டம் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிறகு படி வராமல் என்ன செய்யும்!

ஆனால் என் மனசில் நிற்பது அதற்கு அடுத்த நிமிடம்தான். ரூட்டரை பிளேட்டோடு (ரூட்டரைத் தாங்கி டேபிள் ஓட்டையில் உட்காரும் தகடு) கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஓட்டையின் ஓரத்தில் நேர்க்கோலை மறுபடி வைத்தேன். வெளிச்சம் மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. அதாவது பலகை எடையில் தொங்கியிருக்கிறது. வாங்கும்போது வெறும் டேபிளைத்தான் காட்டினார்கள், அது மட்டமாகவே இருந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டாரை நடுவில் தொங்கவிடும் டேபிளுக்கு எடையோடுதானே மட்டம் பார்க்க வேண்டும்? யாரும் ஏன் அப்படிக் காட்டுவதில்லை?

சீவுளி:
எடை மட்டும் காரணமில்லை. நான் முன்பு வேலை பார்த்த பட்டறையில் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) டேபிள் ஒன்று இருந்தது, மேல்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டியது, அடிப்பக்கம் வெறும் பலகை. காற்றில் ஈரம் ஏறும் மாதங்களில் அதன் மேல் உருண்டை பென்சிலை வைத்தால் எங்கே வைத்தாலும் நடுவை நோக்கி உருண்டு போகும், உலர்ந்த மாதங்களில் அப்படியே நிற்கும். ரூட்டர் அதில் மாட்டாமல் இருந்தபோதும் இதேதான். மைக்கா இருக்கும் பக்கம் ஈரம் ஏறாது, வெறும் பக்கம் குடித்து ஊதும், பலகை வளையும்.

அதனால் எம்.டி.எஃப். வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மைக்கா இருக்க வேண்டும், ஓட்டையின் உள் ஓரமும் மைட்டர் பள்ளத்தின் (கோண வழிகாட்டி ஓடும் பள்ளம்) உள்பக்கமும் வார்னிஷோ பசையோ தடவி அடைத்திருக்க வேண்டும். தடிமன் 3/4 அங்குலம் போதாது, இரண்டு பலகை ஒட்டி 1 1/2 அங்குலம் என்றால் நம்பலாம். மைட்டர் பள்ளமே இல்லாத டேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. 3/8 அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினால் சரியாக அந்தக் கோட்டில்தான் பலகை பலவீனமாகிறது.

இரும்புமேசை:
சீவுளி சொல்வதை ஏற்க முடியவில்லை. மரநாரை அழுத்திச் செய்த பலகைக்கு எத்தனை மைக்கா ஒட்டினாலும் அது நகரத்தான் செய்யும். வார்ப்பிரும்பு வாங்குங்கள், இந்தப் பேச்சே வராது.

என் அனுபவமும் வார்ப்பிரும்பில்தான். டேபிள் வந்ததும் ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கி நேர்க்கோல் வைத்தேன். முன்பக்கம் மட்டம், பின்பக்கம் மட்டம், ஆனால் மூலைக்கு மூலை வைத்தால் ஒரு திசையில் ஆடுகிறது, மறு திசையில் நடுவில் வெளிச்சம். முறுக்கு. திருப்பி அனுப்பும் கோபத்தோடு போல்ட்டைத் தளர்த்தினேன், பின்பக்க மூலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம், டேபிள் தன் இடத்துக்கு வந்துவிட்டது. நேர்க்கோல் வைத்தால் முறுக்கே இல்லை! கோணலாக நின்றது ஸ்டாண்ட், தரை மேடு பள்ளம், அந்த ஸ்டாண்டோடு சேர்த்து இறுக்கியதும் அத்தனை கனமான இரும்பையே அது திருகியிருக்கிறது.

எனவே எந்த டேபிளாக இருந்தாலும் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஸ்டாண்டின் நான்கு காலும் தரையைத் தொடும்படி திருகுகளைச் சரிசெய்யுங்கள். டேபிளை மேலே சும்மா வையுங்கள், போல்ட் வேண்டாம். ஒவ்வொரு மூலையிலும் ஸ்டாண்டுக்கும் டேபிளுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும் இடத்தில் மெல்லிய தகடு செருகிய பிறகு இறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட் இறுக்கியதும் மூலைக்கு மூலை நேர்க்கோல் வையுங்கள். நீளவாக்கு, குறுக்குவாக்கு, இரண்டு மூலைவிட்டம், அப்புறம் ஓட்டையின் நான்கு ஓரம், இவ்வளவும் பார்த்தால்தான் மட்டம் பார்த்ததாகும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அது டேபிள் சாய்ந்திருப்பதைக் காட்டும், வளைந்திருப்பதைக் காட்டாது. சாய்ந்த டேபிளில் வேலை சரியாக வரும், வளைந்த டேபிளில் வராது. இரும்பு துருப்பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் பேஸ்ட் மெழுகு தேய்த்துத் துடைத்தால் போதும், ஆனால் சிலிக்கான் கலந்ததை வாங்காதீர்கள், அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பாலிஷ் பிடிக்காமல் புள்ளி புள்ளியாக விலகும். காந்தம் வைத்த ஃபெதர்போர்டும் (மரத்தை அழுத்திப் பிடிக்கும் சீப்புப் பலகை) இரும்பில்தான் நிற்கும், அலுமினியத்தில் நிற்காது.

நாலுகால்:
இரும்புமேசை, உங்கள் கதையே உங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கிறதே. ஸ்டாண்ட் கோணல் என்றால் இரும்பும் முறுகும் என்று நீங்களே சொல்லிவிட்டு, இரும்பு வாங்கினால் பேச்சே வராது என்றால் எப்படி?

எனக்கு நடந்தது இரண்டிலும் சேராது. டேபிள் மட்டம், ஸ்டாண்ட் மட்டம். மெல்லிய பீடிங் பட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், பாதி போனதும் பட்டி அப்படியே நின்றுவிட்டது. தள்ளினால் போகவில்லை, பிட் ஒரே இடத்தில் சுற்றி மரம் கருகுகிற வாசனை. அணைத்துவிட்டுப் பார்த்தால், பட்டியின் முன்முனை பிளேட்டைத் தாண்டி டேபிளில் ஏற வேண்டிய இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பிளேட் டேபிளைவிடத் தாழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், விரலை வைத்து இழுத்தால் மட்டும் தெரிந்தது. அந்த டேபிளில் பிளேட்டின் கீழே மட்டத் திருகுகளே கிடையாது, சும்மா ஓரப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். இன்றைக்கும் டேபிள் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது அந்தத் திருகுகளைத்தான், டேபிள் எதில் செய்தது என்பதை அப்புறம்தான் கேட்பேன்.

அக்ரிலிக் பிளேட் கொடுத்தால் வாங்காதீர்கள், எடையில் அதுவே தொங்கும். 3/8 அங்குல அலுமினியமோ ஃபினாலிக்கோ நல்லது.

உளிமுனை:
நாலுகால் சொன்ன இடத்தில் நிறைய பேருக்குக் கை போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன். பட்டி முட்டி நின்றால் வேகமாகத் தள்ளாதீர்கள், பின்னாலும் இழுக்காதீர்கள், அணைத்துவிட்டு பிட் முழுசாக நிற்கும் வரை காத்திருங்கள். எப்போதும் வலமிருந்து இடம்தான் ஓட்ட வேண்டும். பட்டியை பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்தை ஒட்டி ஓட்டும் தடுப்பு) இடையில் விட்டு ஓட்டவே கூடாது, அங்கே வழக்கம்போல வலமிருந்து தள்ளினால் பிட் அதைப் பிடுங்கி எறிந்துவிடும்.

என் கதை சின்னது. மடக்குக் கால் டேபிளில் 3 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள பேனல் பிட்டைப் (கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாக வெட்டும் பிட்) போட்டு, வேகத்தை நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு இறக்கித்தான் ஓட்டினேன். கனமான பலகையைத் தள்ளத் தள்ள டேபிளே தரையில் நகர்கிறது. பலகையை விடவும் முடியாது, தள்ளவும் முடியாது. கால்களின் கீழ்க்கட்டையில் மணல் மூட்டை போட்ட பிறகுதான் நின்றது. மட்டம் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், கடையில் டேபிளின் ஒரு ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள்.

மரத்தூள்:
இரும்புமேசை சொன்னபடி மூலைக்கு மூலை பார்த்தேன், முறுக்கு இல்லை. அதனால் டேபிளை மாற்றவில்லை. ஓட்டையின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை இரும்பு ஆங்கிள் கொடுத்து, பலகையை மேலே தூக்கிப் பிடித்தபடி திருகினேன். ரூட்டரை மாட்டிய நிலையில் 0.1 மி.மீ. கேஜ் இப்போது எங்குமே நுழையவில்லை. கதவுச் சட்டத்தில் படி போய்விட்டது. சீவுளி, அடியில் மைக்கா எனக்கும் இல்லை, ஈரமான மாதங்களில் என்ன ஆகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

சீவுளி:
ஆங்கிளின் திருகு ஓட்டைகளைக் கொஞ்சம் நீளவாட்டில் விட்டிருக்கிறீர்களா? பலகை ஈரத்தில் விரியும், இரும்பு விரியாது. இறுகப் பிடித்தால் வேறு பக்கம் வளையும். கேஜ் வைக்கும்போது மேட்டையும் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி ஒரு முடியளவு மேடாக இருந்தால் நான் விட்டுவிடுவேன், சட்டம் பிட் இருக்கும் இடத்தில் டேபிளைத் தொட்டுக்கொண்டுதான் போகும், வெட்டும் ஆழம் மாறாது. குழியாக இருந்தால்தான் விட மாட்டேன்.