துரராரா!! அனிமே தொடர் – இன்னும் மனசுல நிக்கிற காட்சி எது?

கருப்பு ஹெல்மெட்
11வது எபிசோட்தான். மருந்துக் கம்பெனி நமியே ஆட்களோட எதிர்ல நிக்கிறா, ஸ்கூல் பையன் மிகாடோ கையில ஃபோன். நெட்ல அவன் ஆரம்பிச்ச டாலர்ஸ் கும்பல் மொத்தத்துக்கும் ஒரே மெயில் போகுது, தெரு முழுக்க ரிங்டோன். யாரையும் அடிக்கச் சொல்லலை. மெயில் பார்க்காம நிக்கிறவங்கதான் எதிரி, அவங்களைச் சும்மா முறைச்சுப் பாருங்கன்னு மட்டும் சொல்றான். வழிப்போக்கர்களை அதுவரை சாம்பல் நிறத்துல வரைஞ்சு வச்சது எதுக்குன்னு அங்க புரியும்.

வெட்டிக்காத்து
அதை வெற்றின்னு பார்க்காதீங்க. மஞ்சள் துணி கட்டினவன் எல்லோ ஸ்கார்வ்ஸ் கும்பல்னு பார்த்தாலே தெரியும். டாலர்ஸுக்கு நிறம் கிடையாது, சேர விதியும் இல்லை, தலைவன் முகமும் தெரியாது. அதனால எவன் அடாவடி பண்ணினாலும் பழி டாலர்ஸ் மேலதான். அந்த ஓட்டை வழியாத்தான் மிகாடோவோட ஸ்கூல் ஜூனியர் அவோபா, ப்ளூ ஸ்கொயர்ஸ்ங்கிற இன்னொரு கும்பல் பசங்களோட உள்ள வர்றான். கூட வர்றேன்னு சம்மதிச்சுட்டே அவன் கையில பேனாவால குத்துறானே மிகாடோ, எனக்கு அந்தக் காட்சிதான்.

சாத்தூர் ரசிகை
ரெண்டு பேருக்கும் மிகாடோதானா? காதலி சகியை ப்ளூ ஸ்கொயர்ஸ் பிடிச்சு வச்சுட்டு, மிகாடோ நண்பனும் எல்லோ ஸ்கார்வ்ஸ் தலைவனுமான மசாவோமிக்கு ஃபோன் வருது, கிளம்பினவனுக்குக் கால் நகர மாட்டேங்குது. அவளைக் காப்பாத்தினது கடோடாவும் வேன் கூட்டாளிகளும். அப்ப அவங்களே ப்ளூ ஸ்கொயர்ஸ் ஆளுங்க. இதைப் பார்த்துட்டு, சகி படுத்திருக்கிற முந்தின ஆஸ்பத்திரிக் காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பாருங்க.

நாலாவது மாடி
யாரும் கேட்கலை, ஆனா புதுசா பார்க்கிறவங்க பாதியில விடுறதுக்குக் காரணம் இருக்கு. எபிசோடுக்கு எபிசோட் கதை சொல்ற ஆள் மாறும், ஒரே சம்பவம் வேற ஆள் பார்வையில திரும்ப வரும். ஹீரோ யாருன்னு தேடினா குழம்பிடும். கதையில வர்ற சாட் ரூமைப் பிடிச்சுக்கோங்க, அங்க எல்லாரும் புனைபெயர்ல பேசுவாங்க: ‘தனகா தாரோ’ன்னா மிகாடோ, ‘செட்டன்’னா தலையில்லா பைக்காரி செல்ட்டி, ‘கன்ரா’ன்னா தகவல் விக்கிற இசாயா. முதல் தடவை பார்க்கிறவங்க இந்த வரியை மறந்துடுங்க, கண்டுபிடிக்கிறதுதான் சுகம். சாட் வரிகள் வேகமா ஓடும், நிறுத்திப் படிங்க.

வரிசை: 2010ல வந்த 24 எபிசோட். டிவியில வராத 12.5ஐ 12க்கு அப்புறம், 25ஐக் கடைசியில. பிறகு ரெண்டாவது சீசனோட மூணு பகுதி ஷோ, டென், கெட்சு, ஒவ்வொண்ணும் 12. முதல் சீசன் எடுத்தது பிரெயின்ஸ் பேஸ் ஸ்டூடியோ, 2015லிருந்து ஷுகா ஸ்டூடியோ. ஓமோரிதான் ரெண்டுக்கும் இயக்குநர்.

கதை நடக்கிற டோக்கியோ இகெபுகுரோ பகுதிக்குப் போறவங்க ஸ்டேஷன் கிழக்கு வாசல்ல இறங்கி சன்ஷைன் 60 தெரு முடிவு வரை நடங்க. டாலர்ஸ் கூடின தோக்கியூ ஹேண்ட்ஸ் கடை அங்கதான் இருந்துச்சு. 2021 அக்டோபர்ல மூடிட்டாங்க, பழைய படத்தை வச்சுத் தேடாதீங்க.

மூணாவது பெஞ்ச்
மிகாடோ, மசாவோமியோட தோழி அன்ரியை ஒருத்தரும் சொல்லலையே! முதல் சீசன் கடைசியில, எல்லோ ஸ்கார்வ்ஸுக்குள்ள புகுந்த ஹொராடாவோட ஆளுங்க நடுவுல மசாவோமி அடிபட்டுக் கிடக்கிறான், மிகாடோ வந்துட்டான், அன்ரி கையில சைக்காங்கிற சபிக்கப்பட்ட வாள். மூணு பேரும் ஒளிச்சு வச்சது ஒரே கிடங்குல வெளிய வருது. 11ஐ விட இதுதான் பெரிசு.